வீட்டுப் பாதுகாப்புக்கு வைத்திருக்கும் பிஸ்டல்: எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அமெரிக்காவில் வீடு வாங்கிக் குடியேறிய நம்மவர்களில் கைத்துப்பாக்கி வாங்கியவர்கள் முன்பைவிட இப்போது அதிகம். வாங்கலாமா கூடாதா என்பது தனி விவாதம், அது இங்கே இல்லை. வாங்கியாகிவிட்டது, அமேசானிலும் யூடியூபிலும் பார்க்கிற உதிரிபாகங்களை எல்லாம் அதில் பூட்டலாமா என்பதுதான் இந்தப் பக்கம். பேச்சுக்கு க்ளாக் 19-ஐ எடுத்துக்கொள்கிறேன். 1988-ல் வந்த மாடல், 9 எம்.எம்., மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டி) 15 தோட்டா, நான்கு அங்குல பேரல் (குழல்). ஸிக் பி365, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

ஒரே வரியில் சொல்லுங்கள், மாற்றலாமா வேண்டாமா?

இருட்டில் எதிரே நிற்பது யார் என்று பார்க்க உதவுவதை மாட்டுங்கள், கைப்பிடி உங்கள் கைக்குப் பொருந்தும்படி செய்துகொள்ளுங்கள், ட்ரிகரையும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகளையும் கம்பெனி கொடுத்தபடியே விட்டுவிடுங்கள்.

இப்போதுதான் வாங்கினேன். முதலில் எதை மாற்றுவது?

எதையும் மாற்ற வேண்டாம். இரண்டு விஷயத்துக்குச் செலவு செய்யுங்கள்: ஒரு நல்ல சேஃப், அப்புறம் தோட்டா. ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகும் இடம்) போய்ச் சாதாரணத் தோட்டாவில் ஒரு இருநூறு, நிஜமாக வீட்டில் போட்டு வைக்கப்போகும் தோட்டாவில் ஒரு ஐம்பது சுட்டுப் பாருங்கள். சிக்காமல், மாட்டாமல் ஓடுகிறதா? எல்லாம் இடது பக்கம் கீழேயே விழுகிறதா? வலது கைக்காரர் க்ளாக்கில் சுட்டு இடது-கீழ் போனால் நூற்றுக்குத் தொண்ணூறு சைட் (மேலே குறிபார்க்க இருக்கும் முனைகள்) கோளாறு இல்லை, ட்ரிகரை இழுக்கும்போது மொத்தக் கையும் சேர்ந்து இறுகுவதுதான். அதற்கு நூற்றைம்பது டாலர் ட்ரிகர் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குறி அதே இடத்தில்தான் விழும், கொஞ்சம் சீக்கிரமாக விழும், அவ்வளவுதான்.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். நண்பருடையதை வைத்துக்கொண்டு ரேஞ்சில் சுடலாமா?

நிறுத்துங்கள். மாற்றங்கள் பற்றிய பேச்சுக்கே நீங்கள் வர வேண்டாம். எச்-1பி, எல்-1, எஃப்-1, பி-2 மாதிரி குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டரசுச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் அதை நம்பி இறங்குவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். டீம் அவுட்டிங் என்று ஆபீஸில் எல்லோரும் ரேஞ்சுக்குப் போகும்போது இது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. கிரீன் கார்டு வந்துவிட்டால் கூட்டரசுச் சட்டப்படி வாங்கலாம். அதற்குமேல் மாநிலச் சட்டம்.

இதில் ஒரு கிளைக் கேள்வியும் உண்டு. ஊரிலிருந்து அப்பா அம்மா பி-2 விசாவில் வந்து ஆறு மாதம் தங்குகிறார்கள் என்றால், "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று சேஃபின் எண்ணை அவர்களிடம் சொல்லி வைக்காதீர்கள். கையில் எடுத்தால்தான் குற்றம் என்றில்லை. அவர்கள் எடுக்கக்கூடிய நிலையில் இருப்பதே சிக்கலாகலாம்.

பிஸ்டலுக்குக் கீழே லைட் மாட்டுவது நல்லதா?

நான் முதலில் ஆமாம் என்று சொல்கிற பெரிய மாற்றம் இதுதான். ஆனால் ஒரு நிபந்தனையோடு.

நம் வீடுகளில் ராத்திரி நடப்பது என்ன என்று யோசியுங்கள். ஊரிலிருந்து வந்தவர்களுக்கு முதல் வாரம் முழுக்க ஜெட்லாக். அதிகாலை இரண்டரைக்கு அம்மா கிச்சனில் பால் காய்ச்சிக்கொண்டிருப்பார். அப்பா காற்று வாங்கலாம் என்று பின்கதவைத் திறப்பார், அலாரம் அலறும். நீங்கள் மாடியில் தூக்கக் கலக்கத்தில் எழுந்து, கீழே ஒரு ஆண் நிழல் நகர்வதைப் பார்ப்பீர்கள். இந்த நாட்டில் வீட்டுக்காரர் இருட்டில் சுட்டுவிட்டு, விளக்கைப் போட்டுப் பார்த்தால் சொந்த மகனாக, மகளாக இருந்த செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. 2023 ஏப்ரலில் கன்சாஸ் சிட்டியில் தம்பிகளை அழைத்துவரப் போன 16 வயதுப் பையன் தெரு மாறி வேறு வீட்டு மணியை அடித்தான், உள்ளே இருந்தவர் கதவு வழியாகவே சுட்டார். பையன் பிழைத்தான். அந்த வீட்டுக்காரருக்கு நல்ல ட்ரிகரோ நல்ல பேரலோ இருந்து என்ன பயன்?

ஆகவே லைட் வேண்டும். நிபந்தனை இதுதான்: பிஸ்டலில் மாட்டிய லைட் எங்கே காட்டுகிறதோ அங்கேதான் குழலும் காட்டுகிறது. அம்மாவைத் தேடுவதற்கு அம்மாவை நோக்கித் துப்பாக்கியை நீட்ட முடியாது. முதலில் ஒரு கை டார்ச் வாங்குங்கள், அதைச் சேஃபுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பார்ப்பதற்கு அது. பிஸ்டலில் இருக்கும் லைட், எதிரே இருப்பவர் ஆபத்தானவர் என்று தெரிந்துவிட்ட பிறகு இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வதற்காக. தரையை நோக்கித் தாழ்த்திப் பிடித்தாலும் வெள்ளைச் சுவர், வெள்ளைக் கூரையில் பட்டு அறை முழுக்க வெளிச்சம் வரும். 500 லூமென் போதும். ஸ்ட்ரீம்லைட் டிஎல்ஆர்-7 வகை க்ளாக் 19-க்கு அளவாக உட்காரும், ஷ்யூர்ஃபயர் விலை அதிகம். விலை மலிவான லைட் பின்னுதைப்பில் கழன்று விழுந்ததை ரேஞ்சில் பார்க்கலாம்.

சுவிட்சு எங்கே இருக்கிறது என்பதில் கவனம். ட்ரிகர் கார்டுக்குக் (ட்ரிகரைச் சுற்றியிருக்கும் வளையம்) கீழே, கைப்பிடியில் விரலால் அழுத்துகிற வகை வேண்டாம். 2010-ல் டெக்சாஸ் பிளேனோவில் ஒரு போலீஸ்காரர் லைட்டைப் போடுவதாக நினைத்து ட்ரிகரை இழுத்துவிட்டார், எதிரே இருந்தவர் இறந்துபோனார். பதற்றத்தில் ஒரு கையின் விரல்கள் தனித்தனியாக வேலை செய்வதில்லை. முன்பக்கம் இடது கட்டைவிரலால் தட்டுகிற சுவிட்சு பரவாயில்லை.

லைட் மாட்டினால் பழைய ஹோல்ஸ்டரில் (உறை) நுழையாது, சின்ன சேஃபிலும் சில சமயம் இடிக்கும். வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள்.

சைட் மாற்றலாமா?

தாராளமாக. க்ளாக்கில் கம்பெனி போட்டுத் தருகிற பிளாஸ்டிக் சைட் எதிலாவது உரசினால் தேய்ந்துவிடும். இரும்பு சைட், முன்னால் மட்டும் பளிச்சென்ற நிறமும் டிரிடியமும் உள்ள வகை நல்லது. டிரிடியம் இருட்டில் தானே ஒளிரும், ஆனால் அதன் அரை ஆயுள் 12 வருடம் சொச்சம்தான். பழைய பிஸ்டல் வாங்கினால் அணைந்து போயிருக்கும். பின்சைட்டைச் சுத்தியலால் தட்டி மாற்றாதீர்கள், கடையில் அதற்கென்று கருவி இருக்கிறது, பத்து நிமிட வேலை.

ரெட் டாட்?

கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டுகிற பேட்டரி சைட்தான் ரெட் டாட். கண் நாற்பதைத் தாண்டிவிட்டதா? அப்படியானால் ஆமாம். வயதானால் முன்சைட் மங்கும், ரெட் டாட்டில் எதிரே இருப்பதைப் பார்த்தால் போதும், புள்ளி அதன்மேலேயே தெரியும். ஆனால் பழகவில்லை என்றால் தூக்கி நீட்டியதும் புள்ளியையே காணோம் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள், முதல் சில மாதம் எல்லோருக்கும் இது நடக்கும். காலி பிஸ்டலில் தினமும் ஐந்து நிமிடம் எடுத்துப் பழகத் தயாராக இருந்தால் வாங்குங்கள். பேட்டரியைப் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் மாற்றுங்கள், தீர்ந்ததா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். புள்ளி அணைந்தாலும் அதன் வழியாகவே இரும்பு சைட் தெரிகிற மாதிரி உயரமான சைட்டாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

ட்ரிகரை லேசாக்கினால் குறி நன்றாக வருமே?

ரேஞ்சில் வரும். நின்று, மூச்சை அடக்கி, காகிதத்தைச் சுடும்போது 3 பவுண்டு ட்ரிகர் சுகமாகத்தான் இருக்கும். க்ளாக்கின் கம்பெனி ட்ரிகர் சுமார் ஐந்தரை பவுண்டு, அதாவது இரண்டரைக் கிலோ. வெளியே தனியாக சேஃப்டி பட்டன் கிடையாது. அந்த இழுவையும் உங்கள் விரல் ஒழுக்கமும்தான் சேஃப்டி. அதையும் பாதியாக்கிவிட்டு, கை நடுங்குகிற நேரத்தில், காலணியில்லாமல் இருட்டுப் படிக்கட்டில் இறங்குவீர்களா?

இழுவையைக் குறைக்க என்ன செய்கிறார்கள்? கனெக்டரை (உள்ளே ட்ரிகர் இழுவையைத் தீர்மானிக்கிற சின்னத் தகடு) மாற்றுவார்கள், ஸ்ட்ரைக்கர் (தோட்டாவின் பின்பக்கம் அடிக்கிற ஊசி) ஸ்பிரிங்கை மெலிதாக்குவார்கள், உப்புத்தாளால் உள்பாகங்களைப் பளபளக்கத் தேய்ப்பார்கள். ஸ்பிரிங் மெலிந்தால் தோட்டாவின் பின்பக்கம் அடி சரியாக விழாமல் டிக் என்ற சத்தத்தோடு நின்றுவிடும். ஓரம் மழுங்கத் தேய்த்தால் கீழே விழுந்தாலும் வெடிக்காமல் தடுக்கிற ஏற்பாடு கெடும். இரண்டும் ரேஞ்சில் முதல் நாளே தெரிவதில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. கனமாக இருந்தால் பாதுகாப்பு என்று நியூயார்க் போலீஸ் பல வருடம் 12 பவுண்டு ட்ரிகர் வைத்திருந்தது. 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளியே ஒரு கொலைகாரனை இரண்டு போலீஸ்காரர்கள் 16 தோட்டா சுட்டு வீழ்த்தினார்கள், வழிப்போக்கர்கள் ஒன்பது பேருக்குக் காயம், எல்லாம் போலீஸ் தோட்டாவும் அதன் சிதறலும்தான். அந்த ட்ரிகரும் ஒரு காரணம் என்று அப்போது பலர் சொன்னார்கள். அதனால்தான் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், கம்பெனி இழுவையே போதும் என்கிறேன்.

மாற்றிய துப்பாக்கி என்று கோர்ட்டில் பிடிப்பார்களா?

இதில் இரண்டு கட்சி. "நியாயமான தற்காப்பு என்றால் ட்ரிகர் எடையை யார் கேட்கப்போகிறார்கள்" என்பது ஒன்று. "ஒரு திருகாணியை மாற்றினாலும் ஜெயில்தான்" என்பது இன்னொன்று. இரண்டும் சரியில்லை. சுட்டது நியாயமா என்பதுதான் முதல் கேள்வி. ஆனால் அதில் சந்தேகம் வந்துவிட்டால், அரசு வழக்கறிஞர் கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்துப் பேசுவார்.

1982-ல் மயாமி ஓவர்டவுனில் ஒரு போலீஸ் அதிகாரி ஒரு இளைஞரைச் சுட்டார். தற்காப்புக்காக வேண்டுமென்றேதான் சுட்டேன் என்றார் அவர். ரிவால்வரின் ஹேமரை (பின்னால் இருக்கும் சுத்தி) பின்னால் இழுத்து வைத்திருந்ததால் லேசாகப் பட்டு வெடித்துவிட்டது, இது அலட்சியம் என்றது அரசுத் தரப்பு. 1984-ல் விடுதலையானார். இந்த வாதத்தின் தந்திரத்தைக் கவனியுங்கள்: தற்காப்புக்காகச் சுட்டேன் என்றால் அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, தவறுதலாக வெடித்தது என்றாக்கிவிட்டால் அந்த இடமே போய்விடும். இரண்டு பவுண்டு ட்ரிகர் போட்டு வைத்திருப்பவர் அந்த வாதத்தைத் தானே எழுதிக் கொடுக்கிறார்.

2004-ல் அரிசோனாவில் மலைப்பாதையில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், தன்னை நோக்கி ஓடிவந்தவரைச் சுட்டுக் கொன்றார். 10 எம்.எம். பிஸ்டல், ஹாலோ பாயின்ட் (நுனியில் குழி இருக்கும், உடலில் பட்டதும் விரியும்) தோட்டா. தேவைக்கு மேல் பலமான துப்பாக்கி என்கிற பேச்சு ஜூரி முன்னால் வந்தது, 2006-ல் தண்டனை. வேறு காரணங்களுக்காக 2009-ல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது, அதற்குள் அவர் வருடக்கணக்கில் சிறையில் இருந்துவிட்டார்.

லைட்டையும் சைட்டையும் பற்றி இப்படி யாரும் பேச முடியாது. "யார் என்று பார்த்துச் சுட வேண்டும் என்பதற்காக மாட்டினேன்" என்று எந்த ஜூரி முன்னாலும் சொல்லலாம்.

ஸ்லைடில் (பிஸ்டலின் மேலே முன்பின் நகர்கிற இரும்புப் பாகம்) மண்டை ஓடு, "வா பார்க்கலாம்" மாதிரி வாசகம் பொறிக்கலாமா?

வேண்டாம். 2016-ல் அரிசோனா மேஸாவில் ஹோட்டல் வராந்தாவில் சுட்ட போலீஸ்காரரின் ரைஃபிளில் ஒரு கெட்ட வார்த்தை பொறித்திருந்தது. நீதிபதி அதை ஜூரிக்குக் காட்ட அனுமதிக்கவில்லை, அவர் விடுதலையும் ஆனார். உலகம் முழுக்க அந்த வாசகம் செய்தியானதை யாரும் தடுக்க முடியவில்லை. உங்களுக்கு வாய்க்கிற நீதிபதியும் அப்படியே செய்வார் என்று என்ன உத்தரவாதம்?

மேகசினில் கூடுதல் தோட்டா வைக்க எக்ஸ்டென்ஷன் போடலாமா?

முதலில் எந்த மாநிலம் என்று சொல்லுங்கள். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்ஸி, மாசசூசெட்ஸ் எல்லாம் 10. கொலராடோவிலும் இல்லினாயிலும் கைத்துப்பாக்கிக்கு 15. டெக்சாஸில் வரம்பே இல்லை. டாலஸில் க்ளாக் 19-க்கு இரண்டு தோட்டா கூட்டுகிற அடித்தட்டைப் போட்டுப் பழகியவர், வேலை மாறி எடிசனுக்கு யு-ஹால் வண்டியில் சாமான் ஏற்றும்போது சேஃபையும் அப்படியே ஏற்றுவார். நியூ ஜெர்ஸி எல்லையைத் தாண்டியதும் அது குற்றம். கம்பெனியோடு வந்த 15 தோட்டா மேகசினும்கூட.

கிரீன் கார்டுக்காரர்களுக்கு இது இன்னும் கனமான விஷயம். துப்பாக்கிச் சட்டங்களை மீறியதாகத் தண்டனை விழுந்தால் நாடு கடத்துவதற்கே அது காரணமாகலாம். அமெரிக்கக் குடிமகனுக்கு அபராதத்தோடு போகிற சமாசாரம் உங்களுக்கு வேலை, வீடு, பிள்ளைகள் படிப்பு எல்லாவற்றையும் உலுக்கும். ஆகவே, வக்கீல் தெளிவாகச் சரி என்று சொல்லாத எதையும் மாட்டாதீர்கள்.

காம்பன்சேட்டர், மரையிட்ட பேரல், தோளில் வைக்கிற ஸ்டாக்?

காம்பன்சேட்டர் போட்டிக்காரர்களுக்கு. நெருப்பை மேலே அடித்துப் பின்னுதைப்பைக் குறைக்கும். இருட்டில் அந்த நெருப்பு நேராக உங்கள் கண்ணில்தான் அடிக்கும், பலம் குறைந்த தோட்டாவில் பிஸ்டல் சிக்கவும் செய்யும். மரையிட்ட பேரல் போட்டால் கலிஃபோர்னியாவில் அது தாக்குதல் ஆயுதம் என்ற பட்டியலுக்குப் போய்விடும். பிஸ்டலுக்கு ஸ்டாக் மாட்டினால் குறுங்குழல் ரைஃபிள், முன்னால் செங்குத்துப் பிடி மாட்டினால் இன்னொரு வகை, இரண்டையும் கூட்டரசிடம் முன்பே பதிவு செய்யாமல் செய்வது கடுங்குற்றம். ஆன்லைனில் இருபது டாலருக்குக் கிடைக்கிறது என்பதால் சட்டப்படி சரி என்று அர்த்தமில்லை.

தொடர்ந்து சுட வைக்கிற "சுவிட்ச்" பற்றியும் கேட்கிறார்கள். அது தனியாகக் கிடந்தாலே மெஷின் கன், பத்து வருடம் வரை சிறை. அந்தப் பேச்சே வேண்டாம்.

எந்தத் தோட்டா?

ஹாலோ பாயின்ட். ஃபெடரல் எச்எஸ்டி, ஸ்பியர் கோல்ட் டாட் மாதிரி போலீஸ் பயன்படுத்துகிற வகை, 124 அல்லது 147 கிரெய்ன் (குண்டின் எடை அளவு). உங்கள் பிஸ்டலில் சிக்காமல் ஓடுவது எதுவோ அது. நியூ ஜெர்ஸியில் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், வெளியே எடுத்துப் போவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு.

நாம் செங்கல் சுவருக்குள் வளர்ந்தவர்கள், சுவர் தடுக்கும் என்று நினைப்போம். இங்கே சுவர் என்பது அரை அங்குல ஜிப்ஸம் பலகை, நடுவில் காற்று, மறுபடி அரை அங்குலப் பலகை. ஆணி அடித்தாலே மறுபக்கம் தெரியும். ஹாலோ பாயின்டின் வாயில் அந்த மாவு அடைத்துக்கொண்டால் அது விரியாது, சாதாரணத் தோட்டா மாதிரியே அடுத்தடுத்த சுவர்களையும் துளைத்துக்கொண்டு போகும். பகலில் ஒருநாள் படுக்கையறை வாசலில் நின்று, இங்கிருந்து சுட்டால் எந்தத் திசையில் பிள்ளைகள் அறை, எந்தத் திசையில் பக்கத்து வீடு என்று பார்த்து வையுங்கள். எந்த உதிரிபாகமும் இதைச் செய்து தராது.

மனைவியும் அதே பிஸ்டலைப் பயன்படுத்த வேண்டும். கை சிறியது, ஸ்லைடை இழுக்க முடியவில்லை.

நான்காம் தலைமுறையிலிருந்து வந்த க்ளாக்குகளில் பின்பக்கத் தகடுகள் பெட்டியிலேயே வரும், அது இல்லாமல் பிடித்தால்தான் மிகச் சிறிய அளவு. பெரிய தகடு போட்டிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். வழுக்கினால் ஒட்டுகிற சொரசொரப்புத் தாள் இருபது டாலர், பிடிக்கவில்லை என்றால் பிய்த்துவிடலாம். கைப்பிடி பிளாஸ்டிக்கைச் சூடான கம்பியால் உருக்கிப் புள்ளி வைப்பதைப் பிய்க்க முடியாது. ஸ்லைடை ஒரு கையால் இழுக்கப் பார்க்காமல், அதை அசையாமல் பிடித்துக்கொண்டு கைப்பிடியை முன்னால் தள்ளச் சொல்லுங்கள், பாதிப் பேருக்கு அதிலேயே வந்துவிடும். வரவில்லை என்றால் ஸ்பிரிங்கை மெலிதாக்காதீர்கள். ஸ்லைடு சுலபமாக வருகிற வேறு மாடலையே அவருக்கு வாங்கிக் கொடுங்கள்.

சேஃபில் பூட்டி வைத்தால் அவசரத்துக்கு எப்படி எடுப்பது?

பட்டன் அழுத்தித் திறக்கிற சின்னச் சேஃப்கள் இரண்டு மூன்று நொடியில் திறக்கும். விரல்ரேகை வகை எனக்குப் பிடிக்கவில்லை, வியர்த்த கைக்கு அடம் பிடிக்கும். பேட்டரியே இல்லாத இயந்திரப் பட்டன் வகை கொஞ்சம் விலை அதிகம், ஆனால் கைவிடாது. அதைச் சுவரிலோ தரையிலோ திருகி வையுங்கள், இல்லாவிட்டால் திருடன் சேஃபோடு தூக்கிப் போவான். ஒரு இயர்மஃபும் பக்கத்தில் இருக்கட்டும். மூடிய அறைக்குள் 9 எம்.எம். வெடித்தால் 160 டெசிபல் அளவில் இருக்கும்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதில் தள்ளுபடியே கிடையாது. 2021-ல் மிஷிகன் ஆக்ஸ்ஃபோர்டு பள்ளியில் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றவனின் அப்பா அம்மா இருவருக்கும் 2024-ல் பத்து முதல் பதினைந்து வருடம் சிறை விழுந்தது. பிஸ்டலை வாங்கியவர் அப்பா. இன்னொன்று, சங்கடமாக இருந்தாலும் சொல்கிறேன்: இந்த நாட்டில் துப்பாக்கியால் போகிற உயிர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. வீட்டில் யாராவது மனம் உடைந்து இருக்கிறார்கள் என்றால் பிஸ்டலை அந்தக் காலத்துக்கு வீட்டைவிட்டு வெளியே, சட்டப்படி வைத்துக்கொள்ளக்கூடிய இடத்தில் ஒப்படையுங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கினேன், முந்தையவர் என்ன மாற்றினார் என்று தெரியவில்லை.

ட்ரிகர் சிவப்பு, நீலம் என்று வண்ண அலுமினியத்தில் இருந்தாலோ, தொட்டதும் டிக்கென்று விழுந்தாலோ சந்தேகப்படுங்கள். க்ளாக் பயிற்சி பெற்ற ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொடுத்து, உள்பாகம் எல்லாவற்றையும் கம்பெனி பாகமாக மாற்றச் சொல்லுங்கள். பாகங்கள் மலிவுதான், சில பத்து டாலர்களில் முடிந்துவிடும். ட்ரிகர் எடையை அளந்து ரசீதில் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அந்த ரசீதைச் சேஃபில் வைக்காமல் வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். பிறகு மறுபடி ரேஞ்சுக்குப் போய் அதே இருநூறு, ஐம்பது. கடைக்கு எடுத்துப் போகும்போது தோட்டா இல்லாமல், பூட்டிய பெட்டியில், தோட்டாவைத் தனியாக வைத்து எடுத்துப் போங்கள். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே கவுன்டரில் இருப்பவரிடம் உள்ளே பிஸ்டல் இருப்பதைச் சொல்லிவிட்டால் அவரே திறந்து பார்த்துக்கொள்வார்.